முருகனுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

எங்கள் ஊர் மெக்கானிக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சஷ்டிக்குச் சஷ்டி விரதம் இருக்கிறவன் இப்படிக் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாதுதான். ஆனால் போகமாட்டேன் என்கிறது.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் சேந்தமங்கலத்திலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் அவளால் முடியாது என்றுதான் பழைய கார் ஒன்று வாங்கினேன். வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் மஞ்சளாக இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "எரர் கோடு ஒண்ணு காட்டுச்சுங்ணா. அழிச்சு உட்டுட்டேன்" என்றான். விளக்கு அணைந்தது. அடுத்த வாரமே மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தான். எதனால் வருகிறது என்று கேட்டால், "கம்ப்யூட்டர் வண்டின்னா அப்படித்தானுங்ணா, அதும்பாட்டுக்கு எதாச்சும் சொல்லிட்டே இருக்கும்" என்பான்.

கடைசியாக ஒருமுறை வண்டியை எடுக்கப் போனபோது, ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இனி முருகன் பாத்துக்குவாருங்ணா" என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அன்றிலிருந்து அந்த முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்பினேன்.

சித்திரை வெயிலில், மல்லூருக்கு முன்னால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. எத்தனை தடவை முறுக்கியும் உயிர் வரவில்லை. மனைவிக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கியது. அவளுக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும்.

"ஏனுங்க, இன்னொரு மடக்குக் குடுங்க."

"இல்ல சாமி, ஆஸ்பத்திரி போயிறலாம்."

முட்டை இறக்கிவிட்டு வந்த வேன்காரர் ஒருவர் நிறுத்தி, முன் சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து, வண்டியைக் கட்டி இழுத்துப்போய் மல்லூரில் ஒரு பட்டறையில் விட்டேன். அங்கிருந்தவர் ஸ்கேனரைப் போட்டார். "கிராங்க் சென்சார் போயிருச்சுங்க. சூடானா வண்டிய நிறுத்திரும். லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலீங்களா?"

"எரியவே இல்லீங்க."

அவர் முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஓரத்தை நகத்தால் நெம்பி ஸ்டிக்கரை உரித்தார். பின்னாலிருந்து மஞ்சள் விளக்கு என் முகத்தில் அடித்தது.

சென்சார் மாற்றிய வண்டியை நேராக மெக்கானிக்கின் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நீங்க லைட்டு எரியுது லைட்டு எரியுதுன்னு வந்துட்டே இருந்தீங்கங்ணா. உங்க மனசுக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதான்..."

"உன்ற பொண்டாட்டி அந்தச் சீட்டுல மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்தா ஒட்டுவியாடா?"

"சாமி படத்த ஒட்டுனது ஒரு தப்புங்களாண்ணா?"

அந்தக் கேள்விதான் என்னைத் தின்கிறது. வெறும் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தால் அன்றே பிய்த்து எறிந்திருப்பேன். முருகனை நான் பிய்க்கமாட்டேன் என்று தெரிந்தே ஒட்டியிருக்கிறான்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் அவன் எதிரே வந்து விபூதித் தட்டை நீட்டினான். விபூதியை மறுக்க எனக்கு வாய் வராது. தட்டிலிருந்து நானே எடுத்துப் பூசிக்கொண்டேன். அவன் கையால் வாங்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

உரித்த ஸ்டிக்கர் பூஜை அலமாரியில் இருக்கிறது. முருகன் என்ன செய்வார் பாவம். வண்டியில் அந்த இடம் இப்போது வெறும் கண்ணாடிதான். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியும் எட்டிப் பார்ப்பாள்.

"அணைஞ்சிருச்சுங்களா?"

"அணைஞ்சிருச்சு."

"அப்பச் செரி, முருகான்னு எடுங்க."

அதன் பிறகுதான் கியர் போடுகிறேன்.