அத்தை முகத்தில் விழுந்த குழாயடி

எங்கள் தெருவைப் பார்ப்பதற்கென்று யாரும் வந்ததில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு கோடியில் அரிசி மண்டியும் மறுகோடியில் குழாயடியும் இருந்த சின்னத் தெரு அது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்கள் குறுக்கு வழியாக அதில் ஓடுவார்கள். விருந்தாளிகள் வந்தால் பெரியவர்கள் அவர்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போவார்கள். கரியாலூர் பக்கம் அருவி இருக்கிறது, குளிர்ந்த காற்று இருக்கிறது. எங்கள் தெருவில் சாக்கடை இருந்தது, அதைத் தாண்ட ஒரு பலகைக்கல் இருந்தது.

தெருவின் நடுவில் அப்பாவின் சைக்கிள் கடை. அதை ஒட்டிப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோணித் திரைதான். அப்பா கடையில் பேசுவது அடுப்படியில் கேட்கும். அம்மா அடுப்படியில் முணுமுணுப்பது கடையில் கேட்கும். கேட்க வேண்டும் என்பதற்காகவே அம்மா சத்தமாக முணுமுணுப்பாள்.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அத்தை பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் இருப்பது என்றால் அப்போது மாப்பிள்ளைக்குக் காத்திருப்பது என்று அர்த்தம். நைனார்பாளையத்தில் நிலம் நீச்சு உள்ள ஒரு குடும்பத்திலிருந்து தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். முதலில் பெண்ணின் போட்டோ வேண்டுமாம். பிடித்திருந்தால் நேரில் வருவார்களாம். ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்தால் ஆவணியில் கல்யாணம். பெண் வாசற்படி தாண்டி ஒரு வேலைக்கும் போக வேண்டியதில்லை என்பதைத் தரகர் இரண்டு மூன்று தடவை பெருமையாகச் சொன்னார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை என்னிடம் குனிந்து, “வாசப்படி தாண்ட வாணாமா? அப்பறம் நான் எப்புடி வெளிய பாக்கறது?” என்றாள்.

எனக்கு எட்டு வயது. “ஜன்னல் இருக்கும் அத்த,” என்று ஆறுதல் சொன்னேன்.

பம்பாயில் வேலை பார்த்த சித்தப்பா சித்திரையில் லீவுக்கு வந்திருந்தார். அவரிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. ஸ்டுடியோவெல்லாம் வேண்டாம், நானே பிடித்துத் தருகிறேன் என்றார். அத்தைக்குப் பட்டுச்சேலை கட்டி, அம்மா அவள் முகத்தில் பவுடரை அப்பி, பக்கத்து வீட்டுச் சுவர் முன்னால் நிறுத்தினாள். “பல்லு தெரிய சிரிக்காத,” என்றாள் அம்மா. “மொறைக்காத,” என்றார் சித்தப்பா. சிரிக்காமலும் முறைக்காமலும் எப்படி இருப்பது என்று அத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அமுக்கிவிட்டார். அவருக்கு அன்றைக்கே ரயில். ரோலில் இன்னும் நிறையப் படம் பாக்கி இருந்ததால் கேமராவை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கம் ரோல் தீராமல் யாரும் கழுவக் கொடுக்க மாட்டார்கள். அது இலையில் பாதிச் சோற்றோடு எழுந்திருப்பது மாதிரி. பொங்கலுக்குப் பிடித்த படம் தீபாவளிக்குக் கையில் வந்த வீடுகள் உண்டு. ஆனால் தரகர் அவசரப்படுத்தினார். அப்பா கேமராவை அத்தையின் கையில் கொடுத்து, “எதையாச்சும் புடிச்சித் தீத்துடு பாப்பா. பூனையோ நாயோ, இன்னா கீதோ அதப் புடி,” என்றார்.

அத்தை அந்த நிமிஷமே சுவரைப் பார்த்து அமுக்கித் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை. மறுநாள் காலையில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதலில் குழாயடிக்குப் போனோம். தண்ணீர் வர நேரமிருந்தது. பெண்கள் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக், அடி நெளிந்தது, வாய் உடைந்தது என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடந்தன. அத்தை அவற்றின் முன்னால் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை அமுக்கினாள். பிறகு மறுபக்கம் போய், வெயில் குடங்களின் தோளில் ஏறும்வரை இருந்து, இன்னொரு தடவை அமுக்கினாள்.

அந்த வழியாக வந்த பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். “இன்னாடி இது, கொடத்தப் போயி போட்டோ புடிச்சிக்கினு கீற? கொடத்துக்கு இன்னா, கல்யாணமா?”

“ஆமாங்க்கா. அண்டா வூட்லேர்ந்து கேட்டு வந்துக்கீறாங்க.”

பூக்காரம்மா சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அத்தை வெளியில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பரோட்டா கடை அண்ணன் கேமராவைக் கண்டதும் பிசைந்த மாவைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். தலை சீவி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்க பாட்டுக்கு வீசுங்கண்ணா,” என்றாள் அத்தை.

“இன்னாம்மா நீ, வேர்வையும் பனியனுமா புடிச்சா வூட்ல மாட்ட முடியுமா?”

அத்தை சரியென்று தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றினார், எங்களை மறந்தார். மாவு அவர் கையிலிருந்து எழும்பி விரியும்போது அத்தை அமுக்கினாள். எனக்குக் கால் வலித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அவள் முந்தானையை இழுத்தேன். இரு இரு என்றாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையத்தில் மலையிலிருந்து வந்த வண்டி நின்றிருந்தது. அதன் கூரையிலிருந்து ஒருவர் பலாப்பழத்தை இறக்க, கீழே நின்ற பெண் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் மார்போடு வாங்கினாள். அத்தை அதைப் படம் பிடித்தாள். மண்டி வாசலில் சிந்திய அரிசியைக் கூட்டிய கிழவரையும், அவர் துடைப்பத்துக்கு முன்னால் தத்திப் போன புறாக்களையும் பிடித்தாள். கடைசிப் படத்துக்கு வீட்டெதிரே வந்து நின்றாள். அப்பா ஒரு டியூபைத் தண்ணீர்த் தட்டில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. ரோல் தீர்ந்தது.

கழுவிய படங்களை ஸ்டுடியோக்காரரே கடைக்கு எடுத்துவந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. வரனுக்குக் கேட்ட படத்தை முதலில் எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

அத்தையின் முகத்தில் குழாயடி விழுந்திருந்தது. பட்டுச்சேலை முழுக்கக் குடங்கள். நெற்றியில் ஒரு குடம், கன்னத்தில் ஒரு குடம், நடுவே ஒரு கண் மட்டும் தெளிவாக எங்களைப் பார்த்தது. சித்தப்பா அமுக்குவதற்கு முன்னால் ரோலைத் திருகுகிறவர். அத்தை அமுக்கிய பிறகு திருகுகிறவள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கியபோது திருகல் ஒன்று விட்டுப்போய், ஒரே சட்டத்தில் இரண்டு படமும் ஏறிவிட்டன. ஸ்டுடியோக்காரர் அதை விளக்கிச் சொன்னார். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை.

“நல்ல காரியத்துக்குன்னு எடுத்த படம், மூஞ்சில கொடம் உருளுது! இத எப்புடி நைனார்பாளையத்துக்குக் குடுத்தனுப்பறது?”

“அதுக்கென்னங்க, நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லுங்க, ஒரு நாள்ல வேற குடுத்துர்றேன்,” என்ற ஸ்டுடியோக்காரர், “ஆனா மத்ததையும் பாருங்க,” என்று மீதிப் படங்களைக் கடைப் பலகையில் பரப்பினார்.

நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருதான். ஆனால் எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. குடங்களின் தோள்களில் வெளிச்சம் வழிந்து, நிழல்கள் நீளமாகச் சாய்ந்து, நெளிந்த குடம்தான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. அதற்குள் பூக்காரம்மா வந்துவிட்டார். பரோட்டா அண்ணன் மாவுக் கையோடு வந்தார். “நம்ம கொழாயடியா இது? கும்பாபிசேகத்துக்கு வெச்ச கலசமாட்டம் கீதே,” என்றார் பூக்காரம்மா. அண்ணன் தன் படத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். தலைக்கு மேலே மாவு மெல்லிய துணிபோல விரிந்திருந்தது, அதன் வழியாக வெயில் தெரிந்தது.  “பனியனோடவே இருக்கட்டும்,” என்றார் கடைசியில்.

அப்பா தன்னுடைய படத்தை எடுத்துக்கொண்டார். குனிந்த முகமும் தண்ணீருக்குள் ஒரு குமிழியும். “இவ்ளோ நேரம் நீ அங்க நின்னுக்கினு இருந்தியா?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார். அத்தை அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள்.

ஸ்டுடியோக்காரர் போவதற்கு முன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். மஞ்சள் நீராட்டுக்குப் படம் பிடிக்கப் போனால் அந்தப் பெண் குழந்தைகள் அவர் முன்னால் தலையே தூக்குவதில்லை. எல்லாப் படத்திலும் வகிடுதான் விழுகிறது. “இந்தப் பொண்ணு கூட வந்தா நல்லாயிருக்குங்க. எலவனாசூர்கோட்டையில ஒரு விசேசம் வருது. என் சம்சாரமும் வருவாங்க.”

“அதெல்லாம் சரிப்படாதுங்க. கல்யாணம் ஆவப்போற பொண்ணு,” என்றார் அப்பா.

திரைக்குப் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கியது, முன்னைவிட அழுத்தமாக.

ஸ்டுடியோவுக்குப் போய் வேறு படம் எடுக்க அம்மா தினமும் நினைவூட்டினாள். அப்பா நாளைக்கு, நாளைக்கு என்றார். தன் படத்தை ஸ்பேனர் பெட்டிக்கு மேலே சாய்த்து வைத்திருந்தார். வேலைக்கு நடுவே அதை எடுப்பார், எண்ணெய்க் கை படாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார்.

தரகர் வந்தபோது நான் கடைக்குள் திரையோரம் உட்கார்ந்து பழைய சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். அத்தை திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

“இன்னாங்க, போட்டோ வந்துடுச்சா? அவங்க கேட்டுக்கினே கீறாங்க.”

அப்பா டயரிலிருந்து கண்ணை எடுக்காமல், “கழுவக் குடுத்துக்கீதுங்க,” என்றார்.

“இன்னுமா?”

“கடைக்காரரு ஊர்ல இல்லீங்க.”

நான் துள்ளி எழுந்தேன். “வந்துடுச்சிப்பா! எல்லாம் வந்துடுச்சி! அத்த மூஞ்சில கொடம்...” அதற்குள் திரையின் நடுவிலிருந்து ஒரு கை நீண்டு என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டது. அது அம்மாவின் கை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

தரகர் எதற்கும் அசராத மனிதர். டீயைக் குடித்து முடித்தார். கண்ணாடிக் கிளாஸைப் பலகையில் வைத்தார். “ஆடி வந்துடுங்க. அவங்க வேற எடம் பாத்துடுவாங்க.”

“வரட்டுங்க,” என்றார் அப்பா.

தரகர் கிளம்பிப் போனார். அப்பா டயரைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்திருந்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பாமலே, “பாப்பா, எலவனாசூர் விசேசம் என்னிக்குன்னு சொன்னாரு? ஸ்டுடியோவாண்ட போயி கேட்டுக்கினு வா. இவளையும் கூட்டிக்கினு போ,” என்றார். அத்தை செருப்பு மாட்டாமலேயே தெருவில் இறங்கிவிட்டாள். அவள் பின்னால் ஓடியே என்னால் எட்ட முடியவில்லை. அம்மா அன்று முணுமுணுத்தாள், ஆனால் கடைக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக.

எனக்கு வேறு கவலை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா என் காது கேட்க, தரகரின் முகத்துக்கு நேரே, ஒன்றல்ல, அடுத்தடுத்துச் சொன்னார். அதனால் அன்றிலிருந்து அவர் கண்களைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். தூங்கி எழுந்ததும் போய்ப் பார்ப்பேன். சாப்பிடும்போது பார்ப்பேன். சிவக்கவில்லை, நீர் வடியவில்லை.

அத்தை எலவனாசூருக்குப் போயிருந்த அன்று சாயங்காலம் ஒருவர் பஞ்சர் ஒட்ட வந்தார். அப்பா டியூபைக் கையில் எடுத்தவர், ஒட்டாமல் கடைவாசலுக்கு வந்து நின்றார். குழாயடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மண்டிப் பக்கம் இறங்கிய வெயில் தெருவோடு நெடுக வந்து, குடம் தூக்கி நடந்த பெண்கள்மீதும் சிந்திய தண்ணீர்மீதும் விழுந்தது. எத்தனையோ வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் அந்தத் தெருவில் வேலை செய்த மனிதர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றிமேல் கையை வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னாங்க, ஒட்டறீங்களா?” என்று வந்தவர் கேட்டது அவர் காதில் விழவில்லை.

நான் பயந்துபோய் அடுப்படிக்கு ஓடினேன். “அம்மா, அப்பாவுக்குக் கண்ணு போவுது,” என்று அழுதேன்.