முடிச்சில்லாத இறக்கை

காஞ்சிபுரத்து நெசவு வீட்டில் பிறந்தவளுக்கு முடிச்சுப் போட வராது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலையே முடிச்சு விழாமல் பார்த்துக்கொள்வதுதான். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து, சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். முடிச்சுப் போட்டால், இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுப் பல்லில் மாட்டி அறுந்துபோகும். ஒன்பது வயதில் எங்கள் தெருவிலேயே வேகமாக இழை பிணைத்தவள் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

சித்தப்பா முதல் ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது, தறியை அப்படியே போட்டுவிட்டுக் கப்பலேறி அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் போனவர். நெசவுக்காரர் என்று தெரிந்ததும் அவர் கையில் துப்பாக்கிக்குப் பதில் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள். அந்நாளில் ஆகாய விமானத்தின் இறக்கை துணியால் ஆனது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைப்பது அவர் வேலை. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் துரை அவரைப் பின்னால் உட்காரவைத்து மேலே கூட்டிப் போனாராம். அதோடு சரி. ஊர் திரும்பினார், சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார், தறியிலும் உட்கார்ந்தார். கால் மிதியில் இருக்கும். கண் மட்டும் கூரைச் சந்தில் தெரியும் வானத்தில் இருக்கும்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் தெருவை நிறைக்கும் சத்தம் நின்றுபோய், உச்சிவேளையில் காது அடைத்தாற்போல் இருக்கும். முன்னோருக்குச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடும் நேரம் அது. அப்பா கொல்லைச் சுவரில் வைப்பார். சித்தப்பாவும் இரண்டடி தள்ளித் தனியாக ஒரு பிடி வைப்பார். அப்பா வைத்ததைக் காக்கைகள் கொத்திக்கொண்டு போகும். சித்தப்பா வைத்ததன் மேல் வட்டமடிக்கும், இறங்காது. சாயங்காலம் வரை அந்தச் சோறு அப்படியே காய்ந்து கிடக்கும்.

"அது யாருக்கு சித்தப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொரைக்கும்மா. அவரு இன்னும் எறங்கல. அதான் காக்கா தொட மாட்டேங்குது. காது குடுத்துக் கேளு, சுத்திக்கினே கீறாரு."

கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ உயரத்தில், மூடிய பெட்டிக்குள் வண்டு சிக்கியதுபோல் ஓர் உறுமல். அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. உள்ளே ஓடி அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "வெயில்ல நின்னா காது கத்தத்தான் கத்தும்" என்றாள் அம்மா.

அந்த ஐப்பசியில் சித்தப்பா கொல்லைக் கொட்டகையில் மூங்கிலும் துணியுமாக ஓர் இறக்கை கட்ட ஆரம்பித்தார். துணி அவரே நெய்தது. சித்தி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. "கொழந்தைக்குத் தூளி கட்டச் சொன்னா, இவரு தனக்குக் கட்டிக்கினு கீறாரு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள்.

சித்தப்பாவுக்கு விரல் நடுங்கும். அதனால் துணியைச் சட்டத்தோடு தைக்க என்னைக் கூப்பிட்டார். "ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சு போடணும் கண்ணு. தறின்னு நெனச்சிக்காதே. நான் அப்டித்தான் நெனச்சிட்டேன்." துரையின் இறக்கையை அவசரமாகத் தைத்த ஒரு நாள், கை பழக்கத்தில் நுனிகளை முறுக்கியே விட்டுவிட்டாராம். மறுநாள் காலையில் துரை கையசைத்துவிட்டு அதில் ஏறிப் போனார். "பாலைவனம் பூரா தேடுனாங்க. ஒரு குச்சிகூடக் கெடைக்கல. ஏறுன சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. எறங்குன சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல."

மூன்று நாள் தைத்தேன். கடைசி நாள் சித்தப்பா தையல்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தார். இடது பக்கம் வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு முழத்துக்கு முடிச்சே இல்லை. என் கை தன் போக்கில் முறுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

"ஐயையோ, மறந்துட்டேன் சித்தப்பா! பிரிச்சுட்டு முடிச்சு போடறேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் அப்போது நடுங்கவில்லை. "வேணாம் கண்ணு. தொரைக்கும் இப்டித்தான் இருந்துச்சு" என்றார். துரையின் இறக்கைக்குச் சமமாகத் தைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை அமாவாசைக்கு, முன்னோருக்கு நீர் விட, வண்டி கட்டிக்கொண்டு, மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலுக்குப் போனோம். சித்தப்பா இறக்கையை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டிருந்தார். பிள்ளைத்தாய்ச்சி ஆற்றில் இறங்கக் கூடாதென்று சித்தி மணலில் உட்கார்ந்திருந்தாள். உச்சிவேளை. எனக்கு அந்த உறுமல் கேட்டது. நிமிர்ந்தேன்.

எதிர்க்கரைக் குன்றிலிருந்து சித்தப்பா வந்துகொண்டிருந்தார். பறந்தார்! அம்மாடி, அந்த அழகை நான் எப்படிச் சொல்வேன்? அவர் நிழல் எங்கள் மேல் குளிர்ச்சியாகப் போனது. அப்பா கையில் இருந்த நீரைக் கீழே விட மறந்து நின்றார். பிறகு வேட்டி கிழிவதுபோல் ஒரு சத்தம். இடது பக்கம் மடிந்தது. இறக்கை அவரோடு ஆறுகள் சேரும் ஆழத்தில் விழுந்தது.

இறக்கை மிதந்து வந்தது. அவர் வரவில்லை. ஆட்கள் வெயில் சாயும்வரை மூழ்கி மூழ்கித் தேடினார்கள். "இன்னும் ஒரு தரம் பாருங்கப்பா, நீச்சல் தெரிஞ்சவருப்பா" என்று சித்தி கரையோடு ஓடி ஓடிக் கெஞ்சினாள். கிழிந்த துணியைக் கண்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"நீதானடி தெச்ச? முடிச்சு போட்டியா?"

திட்டு விழுமோ என்ற பயத்தில், இருந்ததை இருந்தபடி சொன்னேன். "நான் போடறேன்னுதான் சொன்னேன் சித்தி. சித்தப்பாதான் வேணாம்னாரு."

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். "கரையேறி வாங்கப்பா" என்றாள், தண்ணீரில் இருந்தவர்களைப் பார்த்து. "போதும்."

தலைக்கு மேலே அந்த உறுமல் நிற்கவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் வண்டியில், நான் உண்மையைத்தானே சொன்னேன், சித்தி ஏன் என்னோடு பேச மாட்டேன் என்கிறாள் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.