தொங்கிப் பார்க்காத கயிறு

மரத்தில் கயிறு போடத் துப்பாக்கி வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் மரக்கிளை வெட்டும் கம்பெனி ஒன்றில் நானும் என் மச்சானும் வேலை பார்த்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவர் மரம் ஏறுவார், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். ஈயக்குண்டு போட்ட சின்னப் பையை மெல்லிய நூலில் கட்டிக் கையால் சுழற்றி வீசுவோம். கிளையைத் தாண்டி மறுபக்கம் விழுந்தால் அந்த நூலில் கயிற்றைக் கட்டி இழுப்போம். விழாவிட்டால் இன்னொரு தடவை வீசுவோம். இதில் யாருக்கும் மானம் போனதில்லை.

எங்கள் சூப்பர்வைசருக்கு மட்டும் போனது. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போன இடத்தில், ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குக் காற்றழுத்தத்தில் கயிறு எறிவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. யாரையோ பிடித்து அதே போல ஒன்று செய்து வாங்கிவிட்டார். ஒரு சிலிண்டர், ஒரு நீண்ட இரும்புக் குழாய், காற்று அளக்க ஒரு மீட்டர், ஒரு விசை. லாரியில் இருந்த கம்ப்ரசரில் காற்றடைத்து விசையைத் தட்டினால் பை டொப்பென்று கிளம்பி மேலே போகும். அதை எங்கள் யாரையும் தொட விடமாட்டார். துணியில் சுற்றி வைப்பார், எண்ணெய் போட்டுத் துடைப்பார். பெற்ற பிள்ளையை அந்த ஆள் அப்படித் துடைத்திருக்க மாட்டார்.

முதல் வெள்ளோட்டம் சுவா சூ காங்கில். பை மரத்தை விட்டுவிட்டுப் பக்கத்துப் பன்றிப் பண்ணையின் தகரக் கூரையில் போய் இறங்கியது. பண்ணைக்காரச் சீனக் கிழவி விளக்குமாற்றோடு வெளியே வந்து தன் பாஷையில் விளாசினாள். காற்று சரியில்லை என்றார் சூப்பர்வைசர். அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை.

குறி தப்பியதுகூடப் பரவாயில்லை. கையால் வீசினால் கண்ணுக்குத் தெரிகிற கவட்டையில் கயிறு விழும். இதில் சுட்டால் இலைக் கூட்டத்துக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கிளை, என்ன தடிமன், உயிரோடு இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அந்த ஆளுக்கு உயரம் ஒன்றுதான் கணக்கு. எவ்வளவு உயரம் பார்த்தியா என்று கேட்பார். பார்த்தேன் என்று சொல்லி வைப்பேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கயிறானாலும், ஏறுவதற்கு முன் நானும் மச்சானும் சேர்ந்து அதைப் பிடித்துத் தொங்குவோம். காலை மடக்கி நன்றாகக் குலுக்குவோம். இரண்டு ஆள் பாரம் தாங்கினால் ஓர் ஆள் ஏறலாம். அதற்கு மேல் எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது.

சிராங்கூன் ரோட்டுக்கு அருகே ஒரு மாதா கோவிலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் கூரை மேல் சாய்ந்திருந்தது. திருவிழா வரப்போகிறது, கிளைகளை இறக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மச்சான் கிறிஸ்தவர், அது அவருடைய சொந்தப் பங்குக் கோவில். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். நான் முருகன் கோவிலுக்குப் போகிறவன். எனக்குப் பெண் கொடுத்ததை அந்தப் பங்கில் பாதிப் பேர் இன்னும் ஜீரணிக்கவில்லை.

வளாகத்தைக் கூட்ட வந்த பெண்கள், பாடகர் குழு, நாற்காலி போட்டு உட்கார்ந்த ஃபாதர் என்று நல்ல கூட்டம். விடுவாரா நம்ம சூப்பர்வைசர்? துணியைப் பிரித்து, இயந்திரத்தைக் காட்டி, அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். பிறகு சுட்டார். பை உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கியது. கல்யாண வீட்டில் வெடி போட்ட மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆளுக்கு நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு விம்மியது.

கயிற்றை ஏற்றியதும், தொங்கிப் பார்க்கலாம் வாங்க என்று மச்சானைக் கூப்பிட்டேன்.

"தொங்குறதெல்லாம் பழைய ஸ்டைல் லா. மெஷின் போட்ட லைன், டெஸ்ட் வேணாம்," என்றார் சூப்பர்வைசர்.

மச்சான் கூட்டத்தைப் பார்த்தார். "விடுங்க மாப்ள, ஃபாதர் பாத்துக்கிட்டிருக்காங்க," என்று பெல்ட்டை மாட்டத் தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபாதர் பார்த்தால் கிளைக்குப் பலம் வந்துவிடுமா? மச்சான் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, நான் ஒருவனே காலை மடக்கித் தொங்கினேன். குரங்கைப் பார்ப்பது போலப் பெண்கள் சிரித்தார்கள். முதல் குலுக்கில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் மேலே படார் என்றது. ஓடு என்று யாரோ கத்தினார்கள். கிளை வந்து என் தோளில் இறங்கியது. உள்ளெல்லாம் உளுத்துப் போன கட்டை. மேலே பச்சையாகத் தெரிந்தது அதில் ஒட்டி வளர்ந்திருந்த செடிகள்தான்.

என் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அந்த ஆள் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு முதலாளி விசாரிக்க வந்தார். கூடவே சூப்பர்வைசர், பின்னால் மச்சான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் என் மனைவி சூப் கொண்டுவந்த ஃபிளாஸ்க்கோடு நின்றாள். என்ன நடந்தது என்று முதலாளி என்னைக் கேட்கவில்லை, மச்சானைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் தொங்கிப் பாத்தோம் சார், நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் இவரா வெளையாட்டுக்கு ஆடுனாரு," என்றார் மச்சான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் பாவம் போலத் தலையாட்டினார். முதலாளி இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் வரிசையாக வெளியேறினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு அற்பமான மூன்று முதுகுகளை நான் பார்த்ததில்லை.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணன் சொன்னது பொய்தானே?" என்று கேட்டாள்.

பொய்தான் என்றேன். அவள் கேட்கக் கேட்க நடந்ததையெல்லாம் சொன்னேன். கயிற்றைப் பிடுங்கியதைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். கோழை, துரோகி, கூட்டத்துக்காக உயிரை விடப் பார்த்த முட்டாள் என்று அவள் அண்ணனுக்கு நான் யோசித்து வைத்திருந்த பட்டங்கள் இன்னும் நிறைய இருந்தன. ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"பொய் சொல்றதுக்கு உசுரோட இருக்காருல்ல. அது போதுங்க எனக்கு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப்பை மூடியில் ஊற்றி ஆற்றி, திறந்திருந்த என் வாயில் ஊட்டினாள். விழுங்கினேன்.