முழு மனதோடு கொடுத்த வீடு

யோகலட்சுமி வார்டு குழு உறுப்பினர் ஆன கதையை அவளிடமே கேட்டால், "அவிய வந்து கேட்டாவ, நான் தலையாட்டிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்வாள். பொய்யில்லை. ஒரு நாள் மதியம் கவுன்சிலர் ஞானபூரணம் விசைத்தறிக் கூடத்து வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். உள்ளே அத்தனை தறியும் ஒன்றாக ஓடிய சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவார்கள். சங்கதி என்ன என்பதை வெளியே வந்துதான் விசாரிப்பார்கள். இவள் வெளியே வந்து விசாரிப்பதற்குள் இவள் பெயர் நகராட்சிக்குப் போய்விட்டது.

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள் அவள். மாரிக்கண்ணனைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்த அன்று வரை தறி என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. மாரிக்கண்ணனுக்கு லாரியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. லோடு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் தெருமுனை டீக்கடையில் பேப்பர் படிப்பான். அதனால் இவள் தறிக்குப் போனாள். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவதில் ஆரம்பித்து, ஒரே ஆளாக நான்கு தறி பார்க்கிற அளவுக்குக் கைத்தேர்ச்சி வந்துவிட்டது. குழாயடியில் குடத்தை யார் முன்னால் நகர்த்தினாலும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். வம்புக்குப் போகாதவள் என்று தெருவில் பெயர். வம்புக்குப் போகாதவர்களைத்தான் எந்த ஊரிலும் குழுவில் போடுவார்கள்.

வார்டு குழு என்பது கவுன்சிலரைத் தலைவராகக் கொண்டு, வார்டில் பகுதிக்கு ஒருவராகச் சிலரைச் சேர்த்து, சாக்கடை, தண்ணீர், தெருவிளக்கு, பூங்கா என்று எல்லாவற்றையும் பேசி, தீர்மானம் போட்டு நகராட்சிக்கு அனுப்புகிற ஏற்பாடு. ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான். முதல் கூட்டத்தில் தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று யோகலட்சுமி சொன்னாள். விளக்கு நகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்தினுடையது, விளக்கை மாற்ற ஏறுகிற ஆள் ஒப்பந்தக்காரருடையவன் என்று ஒவ்வொருவராக விளக்கினார்கள். அவ்வளவு விளக்கம் கேட்டும் தெரு இருட்டாகவே இருந்தது. தனக்குத்தான் படிப்புப் போதவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெரு அங்கன்வாடியில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. ஞாயிறு என்பதால் பிள்ளைகள் தப்பின. மறுநாளே கட்டடத்தைப் பூட்டி, யாரும் அருகில் வரக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டார்கள். யோகலட்சுமியின் மூன்று வயது மகள் தன்சிகா பகலெல்லாம் இருந்த இடம் அதுதான். இப்போது பக்கத்து வீட்டு மாடத்தி பார்த்துக்கொள்கிறாள். அவளும் மகள் பேறுகாலத்துக்குக் கடையநல்லூர் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தறிக்கூடத்துக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள், விடவும் கூடாது. பெல்ட்டும் சக்கரமும் சுற்றுகிற இடம். பக்கத்தில் அங்கன்வாடி அமையாவிட்டால் யோகலட்சுமி தறியை விட வேண்டியதுதான். தறியை விட்டால் வீட்டு அடுப்பு லாரியின் வரவைப் பார்த்து எரிய வேண்டியதுதான்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு அவள் ஒரு யோசனையோடு போனாள். தெருக்கோடியில் மகளிர் குழுக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து பிள்ளைகளை வைத்தால் என்ன என்று எழுந்து கேட்டாள். முதல் முறையாகக் குரல் நடுங்காமல் பேசினாள்.

"நியாயமான கோரிக்கை" என்றார் ஒரு உறுப்பினர்.

"ரொம்ப நியாயம்" என்றார் இன்னொருவர். நகராட்சியிலிருந்து வந்த எழுத்தர்கூடத் தலையசைத்தார். எதிர்த்துப் பேச ஓர் ஆள் இல்லை. யோகலட்சுமிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அப்போது கவுன்சிலர் எழுந்து ஒரு நல்ல செய்தி என்றார். கோயில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நமச்சிவாயம் அண்ணாச்சி, ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் சும்மா கிடக்கும் தன் வீட்டை அங்கன்வாடிக்கு வாடகை இல்லாமல் தர முன்வந்திருக்கிறாராம். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணாச்சி அப்போதுதான் வந்து முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று இவள் நினைத்தாள்.

"யோகா, நீ வந்து சால்வைய போத்தும்மா. தாய்மார் சார்பா இருக்கட்டும்" என்றார் ஞானபூரணம்.

ஒருவர் உதவி செய்கிறேன் என்று வரும்போது மரியாதை செய்யாமல் இருக்க முடியுமா? போய்ப் போர்த்தினாள். போட்டோ எடுத்தார்கள். மரியாதை முடிந்தது, இனி மகளிர் குழுக் கட்டடத்தை எடுப்பார்கள் என்று வந்து உட்கார்ந்தாள். நாட்டுப்பண் பாடிவிட்டார்கள்.

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் போட்டோ தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மாடத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கேட்டு சாத்துனா எந்நேரம் தொறப்பான்னு யாருக்குத் தெரியும்? அங்கன கொண்டு பிள்ளைய விட்டுட்டு நீ எப்பிடி தறிக்குப் போவ? அதுக்குப் போயி பல்லக் காட்டிக்கிட்டு சால்வ போத்துத."

"நான் வேற கட்டடந்தான் கேட்டேன் மதினி."

"பின்ன இது எப்பிடி வந்துச்சு?"

யோகலட்சுமிக்கும் அதுதான் தெரியவில்லை. இரவெல்லாம் அந்தக் கூட்டத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவள் கேட்டதை எல்லாரும் நியாயம் என்றார்கள். இருந்தும் நடந்தது வேறு. தறியில் இழை எங்கே அறுந்தது என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். இது எங்கே அறுந்தது என்று பிடிபடவே இல்லை.

மறுநாள் கவுன்சிலர் வீட்டுக்குப் போனாள். ஞானபூரணம் கெட்டவர் இல்லை. உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"எல்லாம் உன் முன்னாலதானம்மா நடந்துச்சு. நீ ஒரு வார்த்த வேண்டாம்னு சொன்னியா?"

"மகளிர் குழுக் கட்டடம்னு சொன்னேனேக்கா."

"சொன்ன. நாங்களும் நியாயம்னுதான சொன்னோம்?" என்றார் ஞானபூரணம். "அது வேற திட்டத்துல கட்டுனது. சாவி எந்த ஆபீசுல இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. வீட்டுக்காரரு மனசுவந்து குடுக்காரு, நீயே சால்வயும் போத்திட்ட. இனி அவருகிட்ட போயி நான் என்னன்னு பேச?"

கவுன்சிலர் பேச முடியாது என்றால் தானே பேசுவது என்று யோகலட்சுமி நமச்சிவாயம் வீட்டுக்கு நடந்தாள். இதற்கு முன் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் அவள் போனதில்லை. வாசலருகே தயங்கி நின்றவளை அவரே பார்த்து உள்ளே வரச் சொன்னார். அங்கன்வாடி விஷயம் என்றதும், மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீதான ரொம்ப கஷ்டப்பட்டுக் கேட்டியாம். உங்க தெருவுல எல்லாரும் கேட்டியளாம்."

"நாங்க கேக்கலயே அண்ணாச்சி."

"கேக்கலியா?"

உள்ளே மனைவி இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். மகன் சங்கரகணேஷ் மாற்றலாகித் தை மாதம் ஊருக்கு வருகிறான். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு கூரைக்குள் ஆகாது. அதனால் அந்த வீட்டை அவனுக்கென்றுதான் காலியாக வைத்திருந்தார்.

"பின்ன ஏன் அண்ணாச்சி குடுத்திய?"

"நான் எங்க குடுத்தேன்? ஊருக்கு நல்லதுன்னா நான் என்னத்த சொல்லன்னு கவுன்சிலர்கிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டாவ, போனேன். நீ வந்து சால்வய போத்திட்ட. போத்துன பொறவு எப்பிடிம்மா இல்லன்னு சொல்ல முடியும்?"

"நீங்க குடுத்திட்டியன்னுலா நான் போத்துனேன்."

"நீ போத்திட்டியேன்னுதான் நான் குடுத்தேன்."

அந்த வீடு தங்கள் தெருவுக்குத் தோதுப்படாது என்று யோகலட்சுமி விவரத்தைச் சொன்னாள். கொடுப்பவருக்கு விருப்பமில்லை, வாங்குபவர்களுக்கும் விருப்பமில்லை. நடுவில் வீடு மட்டும் கைமாறிவிட்டது. அவருக்கும் இதைக் கேட்டுப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. அடுத்த கூட்டத்தில் இவள் எழுந்து உள்ளதைச் சொல்வது, அவர் ஆமாம் என்று ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். "நீ ஆரம்பி, நான் கூட நிக்கேன்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். திரும்பி நடக்கும்போது, உலகத்தில் பேசினால் தீராதது எதுவுமில்லை என்று அவளுக்குப் பட்டது.

அங்கன்வாடி திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பதற்காகக் கூட்டம் போட்டார்கள். நல்ல கூட்டம், தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். யோகலட்சுமி எழுந்தாள்.

"அந்த வீடு எங்களுக்குத் தோதுப்படாது. அண்ணாச்சிக்கும் அத குடுக்கதுல சங்கடம் இருக்கு" என்றாள்.

நியாயம் நியாயம் என்று சொன்ன உறுப்பினர்களில் ஒருவர் நமச்சிவாயம் பக்கம் திரும்பினார்.

"குடுக்க மனசில்லாமலா குடுத்திய அண்ணாச்சி?"

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். நமச்சிவாயம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரு சொன்னா? முழு மனசோடதான் குடுத்தேன்" என்றார்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. அன்றைக்குத் தான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றியது. தெருப் பெண்கள் முன்னால் பொய்க்காரியாக நிற்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"அப்பம் கேட்டு தாண்டி எங்க பிள்ளையள யாரு கூட்டிட்டுப் போவா அண்ணாச்சி?"

அவள் சூதாக எதையும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அவரைப் பார்த்துக் கேட்டதால் எல்லாரும் மறுபடி அவரையே பார்த்தார்கள்.

"அண்ணாச்சி வீட்டுல ஆம்னி வேனு சும்மாதான நிக்கி" என்றார் ஞானபூரணம், உதவி செய்கிற குரலில்.

"முழு மனசுக்காரரு, இத செய்ய மாட்டாராக்கும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

நமச்சிவாயம் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேராக யோகலட்சுமியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. இந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து சந்தேகமே இல்லாமல் புரிந்தது அது ஒன்றுதான். 'வேண்டாம் அண்ணாச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தன்சிகாவை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"கூட்டிட்டுப் போறேன்" என்றார் நமச்சிவாயம்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எழுத்தர் தீர்மானத்தை எழுதிக்கொண்டார். மாடத்தி வந்து தோளில் தட்டி, நீ பெரிய ஆளுதாம்ட்டி, இத எங்க வச்சு யோசிச்ச என்று கேட்டாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, தறியும் நிலைத்துவிட்டது. மனதில் இருப்பது சந்தோஷமா வெட்கமா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது நமச்சிவாயம் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் கோபிக்கவில்லை.

"காலையில எத்தன மணிக்கும்மா வரணும்?"

"எட்டரைக்கு அண்ணாச்சி."

அவர் தலையசைத்துவிட்டு நாலு எட்டு நடந்தார். பிறகு நின்று திரும்பினார்.

"சங்கரகணேஷுட்ட இன்னும் வீட்டு விசயமே சொல்லலம்மா" என்றார்.