குசுமி கேட்கிறார்

நகோயாவில் லிஃப்ட் செய்யும் எங்கள் கம்பெனியில் குசுமி பிரிவுத் தலைவர். இருபது வருடம் கத்தியே வேலை வாங்கியவர். போன வருடம் தலைமைப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததும் கத்தல் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, "மனசுல இருக்கறத பயப்படாம சொல்லுங்க" என்பார். தலையாட்டிக்கொண்டே கேட்பார். அந்தக் கத்தலே தேவலை.

நம்பி வாயைத் திறந்தவன் நிஷியோகா ஒருவன்தான். "சோதனைக்கு நீங்க குடுக்கற நேரம் பத்தல சார்" என்றான். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிப்பா" என்று குனிந்து வணங்கினார் குசுமி. மார்ச் மாத இடமாற்றப் பட்டியலில் அவனுக்கு வடகோடியில் பனி மூடிய ஒரு கிடங்கு.

இன்று என் முறை. எங்கள் கட்டட லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றில் பல பிரிகள் அறுந்திருப்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன்.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?"

"ஒண்ணுமில்ல சார்."

"உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்று சிரித்தபடி எழுந்தார். ஒன்பதாம் மாடி லிஃப்ட்டுக்குள் நுழைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "வர்றீங்களா?" என்றார்.

"நீங்க போங்க சார். நான் படியிலயே வர்றேன்."