மதியம் வராதீர்கள் என்று எழுதினேன்

என் கட்டுரையை இனி யாரும் மாற்றி எழுதக் கூடாது என்று நான் சொன்ன நாளிலிருந்து, என் கொழுந்தன் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஆடி பிறந்த பிறகுதான் வந்தார். வராமலே போயிருந்தாலும் நான் சொன்னதை மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில், கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் இரண்டு அறைகளை, பெருமாளைச் சேவிக்க வருகிற வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். என் வீட்டுக்காரருக்கு வாழைத்தார் வியாபாரம். நான் பிறந்தது தொட்டியம், படித்தது பத்தாவது. கொழுந்தன் மட்டும் காலேஜ் முடித்தவர். மன்னார்புரத்தில் ஒரு விளம்பர ஆபீஸில் இருக்கிறார். ஜனங்கள் போனில் எதையாவது தேடினால், காசு கொடுத்தவர்களின் வெப்சைட் முதலில் வரும்படி பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை. எங்கள் அறைகளுக்கும் அவர்தான் ஒரு வெப்சைட் போட்டுக்கொடுத்தார், அண்ணனிடம் ஒரு பைசா வாங்காமல்.

அறை கேட்டுப் போன் செய்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். "வயசான அம்மாவைக் கூட்டிட்டு வரோம், எப்படிம்மா பார்க்கிறது?" சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒரு நாள் உட்கார்ந்து போனிலேயே எழுதிவிட்டேன். வண்டி எதுவரை வரும், தள்ளுநாற்காலி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது, உள்ளே போகுமுன் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள், மாத்திரையை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாம் எழுதினேன். நடுவில் இதையும் எழுதினேன்: "மதியம் கூட்டம் குறைவுதான். ஆனாலும் வயசானவர்களை மதியம் கூட்டிவராதீர்கள். பிரகாரத்துக் கல் கொதிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் சுரணை இருக்காது, சுட்டது தெரியாமலே நடந்துவிடுவார்கள்." என் மாமியாருக்கு அப்படி ஆகியிருக்கிறது. புத்தகத்தில் படித்து நான் எழுதவில்லை.

கொழுந்தன் படித்துப் பார்த்துவிட்டு மெச்சிக்கொண்டார்.

"நல்லா இருக்கு அண்ணி. ஆனா நம்ம சைட்ல மட்டும் இருந்தா யாருக்குத் தெரியும்? வேற சைட்டுங்க நம்மளைக் கை காட்டணும். 'இந்த வீட்ல தங்குங்க'ன்னு கீழ லிங்க் குடுக்கணும். அது கூடக் கூட நம்ம பேர் மேல வரும்."

"கை காட்டட்டுமே தம்பி. கட்டுரையைக் குடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க."

"அப்படியே குடுத்தா ரெண்டும் ஒண்ணுன்னு சர்ச் இன்ஜின் கண்டுபிடிச்சிடும். ரெண்டுல ஒண்ணைத்தான் காட்டும். அவங்க பெரிய சைட்டு, அவங்களைக் காட்டிட்டு நம்மளை விட்டுடும். அதனால மாத்தி எழுதிக் குடுக்கணும். விஷயம் அதேதான், வார்த்தை வேற."

தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "அதாவது ஒரே மாவுல இட்லியும் ஊத்தணும், பணியாரமும் சுடணும். தின்கிறவனுக்கு ஒரே மாவுன்னு தெரியக் கூடாது."

"அதேதாண்ணே! என்னைவிட நல்லாச் சொல்றீங்க."

நானும் சிரித்தேன். மாற்றி எழுதியவை சில வாரத்தில் வெளிவந்தன. கோயில் விஷயங்கள் போடுகிற சைட் ஒன்று, சுற்றுலா சைட் ஒன்று, சமையலோடு எல்லாவற்றையும் கலந்து போடுகிற ஒன்று என்று பல இடங்களில். முதல் இரண்டைப் படித்தேன். 'எண்ணற்ற முறை அரங்கனைத் தரிசித்த ஓர் அடியவர்' எழுதியதாகப் போட்டிருந்தது. என் வாய்ப்பேச்சுக்கு யாரோ ஜிப்பா போட்டுவிட்டது போல இருந்தது. மற்றவற்றை நான் படிக்கவில்லை. போன் வர ஆரம்பித்தது. மாடி காலியாக இருக்கவில்லை. பெருமாள் கண் திறந்தார் என்று நினைத்தேன்.

சித்திரையில், தேருக்கு முந்தின வாரம், வேலூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் பெருமாளைத்தான் பார்ப்பது என்று வேண்டுதல். காலையில் வருவார்கள் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள். அம்மாவால் இறங்க முடியவில்லை. இரண்டு பாதமும் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் தனியாகத் தொங்கியது.

மாடிக்கு எங்கே ஏற்றுவது? எங்கள் கூடத்திலேயே பாயை விரித்துப் படுக்க வைத்தோம்.

"நேரா கோயிலுக்கே போயிட்டோம்மா," என்றாள் மகள். "மதியம்தான் வயசானவங்களுக்கு நல்ல நேரம்னு போட்டிருந்துச்சு. போய்ச் சேர்ந்தா தரிசனம் நிறுத்திட்டாங்க. எவ்வளவு நேரம் நின்னோம் தெரியலை. அம்மா ஒரு வார்த்தை சொல்லலை, சர்க்கரை இருக்கிறதால சுட்டது அவங்களுக்கே தெரியலை."

"யாரும்மா போட்டது அப்படி?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "நீங்கதானேம்மா? கீழ உங்க வீட்டு லிங்க்தானே இருக்கு. அதை நம்பித்தானே வந்தோம்."

போனை வாங்கிப் பார்த்தேன். சமையலோடு எல்லாவற்றையும் கலந்து போடுகிற சைட் அது. 'கூட்டமில்லாத் தரிசனத்துக்குச் சில ரகசியங்கள்' என்று தலைப்பு. "மதிய வேளையில் கூட்டம் குறைவு என்பதால் முதியோருக்கு மிகவும் உகந்தது." கல்லும் இல்லை, சர்க்கரையும் இல்லை. என் வாக்கியத்தில் பாதியை வெட்டிவிட்டு மீதிக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். கீழே எங்கள் வீட்டுப் பெயர்.

டாக்டர் கட்டுப் போட்டுக் காலைக் கீழே வைக்கவே கூடாது என்றார். ராத்திரிக்குள் காய்ச்சலும் வந்தது. மகள் பயந்து, விடிந்ததும் கார் வைத்து ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஸ்ரீரங்கம் வரை வந்து பெருமாளைப் பார்க்காமல் அந்த அம்மா திரும்பிப் போனார். கார்க் கதவைச் சாத்தும்போது என் கையைப் பிடித்து, "உம்மேல தப்பில்லடி, எனக்கு இன்னும் நேரம் வரலை," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தார். போனை நீட்டினேன். படித்தார். முகம் விழுந்தது.

"ஆபீஸ்ல மெஷின்ல போட்டு எடுத்தது அண்ணி. நான் படிக்கலை."

"படிக்காம ஊருக்கெல்லாம் அனுப்புவீங்களா?"

"ஒண்ணுபோல இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னுதான் மெஷின் எதையாவது மாத்தும்..."

"கொதிக்கிற கல்லை எப்படித் தம்பி மாத்தும்? எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. எழுதினதை எழுதினபடி போடுறவங்க போடட்டும். கீழ, இந்த வீட்டுக்காரி எழுதினதுன்னு ஒரு வரி இருந்தாப் போதும்."

"எல்லாத்தையும் எடுத்தா இத்தனை நாள் பண்ணினது வீண் அண்ணி. சீசன் நேரம். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தச் சொல்றேன்."

"மத்ததுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீங்க படிச்சீங்களா?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பேச்சு நிற்கவில்லை. "உள்ள போய்ப் பாருங்க. தினம் விடிகாலையில அதே பாட்டைத்தான் பாடுறாங்க. நேத்து பாடினதாச்சேன்னு பெருமாள் திரும்பிப் படுத்துக்கிட்டாரா? நல்ல வார்த்தைன்னா திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லணும்."

"பெருமாள் வேற, சர்ச் இன்ஜின் வேற அண்ணி!"

"அது தெரியும். நான் யாருக்குப் பயப்படணும்னும் தெரியும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தொட்டியத்துக்காரி பிடிச்சா விடமாட்டான்னு கல்யாணத்தப்பவே சொன்னாங்க. நான்தான் கேட்கலை." தம்பியை அவர் கூப்பிடவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை.

நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு சைட்டாகத் தேடி, அவர்களுக்கு எழுதுகிற இடத்தைக் கண்டுபிடித்து எழுதினேன். "இது என் கட்டுரையை மாற்றி எழுதியது. வயசானவர்களை மதியம் கூட்டிவராதீர்கள் என்றுதான் நான் எழுதியிருந்தேன். இதை நம்பி வந்த ஒரு தாய் கால் வெந்து போனார். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் நான் எழுதியதை அப்படியே போடுங்கள், தருகிறேன்." சிலர் பதில் சொல்லாமலே எடுத்தார்கள். சுற்றுலா சைட்டில் ஒருவர், "மதியம் கூடாது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். "சித்திரையில் வாங்க. செருப்பை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய் நடந்து பாருங்க. திரும்பி வந்ததும் மோர் தருகிறேன்," என்று எழுதினேன். மறுநாளே என் கட்டுரையை முழுசாகப் போட்டு, கீழே எங்கள் பேரையும் லிங்க்கையும் கொடுத்துவிட்டார்.

கொழுந்தன் சொன்னதும் பொய்யில்லை, அதையும் எழுத வேண்டும். இப்போது தேடினால், என் கட்டுரையைப் போட்ட அந்தப் பெரிய சுற்றுலா சைட்தான் முதலில் வருகிறது. நாங்கள் எங்கோ கீழே. முன்பு போல் போன் வருவதில்லை. சில வாரம் மாடியைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டி வைப்பதுதான் வேலை. மதுரையிலிருந்து அம்மாவோடு வந்த ஒரு சார், காபி குடித்துக்கொண்டே என்னிடம், "உங்க சைட்ல இருக்கறதை அந்தப் பெரிய சைட்லேர்ந்து அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்களேம்மா, கண்டுபிடிச்சா பிரச்சனை பண்ணுவான்," என்று அக்கறையாகச் சொன்னார். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"உங்க அம்மாவை எந்த நேரத்துல கூட்டிட்டுப் போனீங்க சார்?" என்று கேட்டேன்.

"காலையிலதான். அதுல போட்டிருந்துச்சே, கல்லு சுடும்னு."

எனக்கு அது போதும். யார் பெயர் மேலே இருந்தால் என்ன?

கொழுந்தன் ஆடி பதினெட்டன்று, காவிரிக்குப் போய்விட்டு அப்படியே வந்தார். சித்ரான்னம் சாப்பிட்டார். ஆபீஸில் இன்னும் மாற்றி எழுதுகிற வேலைதான் நடக்கிறது என்றார். "எங்க பொழைப்பு அண்ணி." நான் மறுக்கவில்லை. அவரவர் பிழைப்பு. ஆனால் எங்கள் வீட்டுப் பெயர் அதில் வரக் கூடாது என்றேன். தலையை ஆட்டினார். மனசுக்குள் என்ன நினைத்தாரோ தெரியாது.

சமையலோடு எல்லாம் கலந்து போடுகிற அந்தச் சைட்டில் மட்டும், மதியம்தான் உகந்தது என்று இன்னமும் இருக்கிறது. யாரும் பதில் சொல்வதில்லை. ஆள் இருக்கிறார்களா என்பதே சந்தேகம். நான் விடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிவிட்டு அவர்களுக்கு எழுதுகிறேன், ஒரே வரியை. "கல் சுடும், எடுத்துவிடுங்கள்." போன வாரம் அனுப்பியதுதான், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. வருகிற வெள்ளிக்கிழமையும் மாற்ற மாட்டேன்.