எந்தத் தோட்டம்?

எனக்கு யாழ்ப்பாணத் தமிழ் படிப்பித்தவர் என் மாமியார். கல்யாணம் முடிந்து அம்பிட்டிய வீட்டுக்குப் போன முதல் வாரமே பாடம் தொடங்கிவிட்டது. நான் "ஆமா" என்றால் "ஓம்" என்பார். "வாரேன் மாமி" என்றால் "வாறன்" என்று அழுத்தித் திருத்துவார். கறிக்கு உப்புப் பார்க்கிற நேரத்திலும் அவருடைய ஒரு காது என் வாயில்தான் இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேராதனையில் பட்டம் எடுத்து, அங்கேயே அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள் நான். பேசத் தெரியாமல் ஒன்றும் வந்து சேரவில்லை. ஆனாலும் அவரோடு கோபம் நீடிக்காது. திருத்தி முடித்த கையோடு பொரித்த மீனில் நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிடுவார்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா போன பிறகு அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். தம்பி கலகெதரவில் சின்னதாக ஒரு கடை போட்டதும் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு அவனோடு போய்விட்டார். என் கணவருக்கு இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். வங்கியில் வேலை செய்யும் மனிதர், கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர வேறெதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாமியும் கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் கேட்டால் நான் கலகெதர வியாபாரக் குடும்பம் என்று சொல்ல வேண்டும். தம்பி பருப்பும் சவர்க்காரமும் விற்பது வியாபாரம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். கொரோனாக் காலத்துக் கல்யாணம் என்பதால் வடக்கிலிருந்து யாரும் வரவில்லை. அம்மாவை அவர்கள் பார்க்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை.

மகள் பிறந்த பிறகுதான் சிக்கல் வந்தது. முப்பத்தொன்றாம் நாள், பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவுக்கு மாமாவின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டார். மாமா இறந்து பல வருடங்கள் ஆகியும் அந்தக் குடும்பத்தில் அவருடைய அக்கா வைத்ததுதான் சட்டம். கொழும்பிலிருந்தும் ஒரு வான் நிறையச் சொந்தங்கள் வருவதாக ஏற்பாடு. மாமி என் அறைக்கு வந்து, பிள்ளையின் காலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே, அம்மா அன்றைக்கு வராமல் அடுத்த கிழமை ஆறுதலாக வந்து நிற்கட்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் விரல்களைப் பார்த்தாலே யாருக்கும் விளங்கிவிடும். அந்தத் தேயிலைக் கறை தம்பி கடையின் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். உடனே சரி என்றார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. சண்டை பிடித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி வைத்திருப்பதாகவும், அதைத் தம்பியிடம் கொடுத்துவிடுவதாகவும், நான் பால் கொடுக்கிற உடம்பு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்றைக்கு முழுவதும் நான் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் மாமியும் நானும் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். கோபத்தை எதிலாவது காட்ட வேண்டுமே. லீவு முடிந்ததும் பிள்ளையைப் பேராதனையில் ஒரு டே கெயாரில் விடப்போகிறேன், யாருக்கும் கரைச்சல் வேண்டாம் என்றேன். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் உயிரோட இருக்க, என்ர பேத்தியை புள்ளக்காம்பராவில விடப்போறியோ?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்குத்தான் அந்தப் பெயர். இப்போது வாசலில் பலகை அடித்து நாகரிகமாக வேறு ஏதோ எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாயில் அது புள்ளக்காம்பராதான். நானும் அங்கே பாய்களுக்கு நடுவில் தவழ்ந்தவள்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஏது என்று கேட்பார். இவரோ கோபம் வந்ததும் அதைத்தான் எடுத்தார்.

முன்பின் தெரியாத எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸில் சந்தித்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. என்னை அறியாமலே அது வந்துவிட்டது.

"மாமி, நீங்க எந்தத் தோட்டம்?"

அவர் ஒரு சின்னச் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"தெல்தோட்டைப் பக்கம்," என்றார். "மேல் டிவிசன்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மாமா அந்தத் தோட்டத்து மருந்துசாலையில் வேலைக்கு வந்தவர். இவரை விரும்பி, யாருக்கும் சொல்லாமல் பதிவு செய்து, ஊருக்குக் கூட்டிப்போனார். போகும் முன்பு உட்காரவைத்து ஊர்ப் பேச்சைப் பழக்கினாராம். தாய் தகப்பன் இல்லாத மட்டக்களப்புப் பிள்ளை என்று வீட்டில் சொல்லி வைத்தாராம். மாமியின் தாயோ லயத்தில் உயிரோடு இருந்தார். கதிர்காமம் போவதாகச் சொல்லிவிட்டுத் தெல்தோட்டைக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருவாராம். அந்தத் தாய் இறந்த செய்தி அவருக்குப் பிந்தித்தான் வந்தது. வெளியே சொல்லித் துடக்குக் காக்க வழியில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டதாகச் சொன்னார். அழவும் முடியாதாம், பக்கத்தில் ஆட்கள் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்களாம்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் இருந்தது, பிடித்து உலுக்கவும் இருந்தது. இத்தனையும் பட்ட ஆள்தானா என் அம்மாவை வராதே என்றது? கேட்டேவிட்டேன். தான் பட்டதை நான் படக்கூடாது என்றுதான் அப்படிச் செய்ததாகச் சொன்னார்.

"நீங்க பட்டதத்தானே மாமி நானும் படுறேன்," என்றேன்.

மாமி எழும்பினார். மடித்த துணிகளை அலுமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அதைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. என் கணவரிடம் நானும் வாய் திறக்கவில்லை. அவர் அம்மாவின் கதை, மாமிதான் சொல்ல வேண்டும்.

முப்பத்தொன்று அன்று வீடு நிறைந்துவிட்டது. பிள்ளைக்குத் தலைமுடி இறக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது. மாமாவின் அக்கா பெரிய கதிரையில் உட்கார்ந்து, பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் மூக்கு தங்கள் பக்கத்து மூக்கு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. தம்பி இறங்கினான். அவனுக்குப் பின்னால், நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அம்மா இறங்கினார். நான் வரச் சொல்லவில்லை. மாமிதான் முதல்நாள் போன் எடுத்து, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா கேற்றைத் தாண்டாமல் நின்றார். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார். நான் எழும்புவதற்குள் மாமி இறங்கிப் போய்விட்டார். அந்தக் கைகளில் ஒன்றை வெளியே இழுத்து, பிடித்தபடியே கூட்டிவந்து, எல்லோருக்கும் நடுவில் செற்றியில் உட்காரவைத்தார். என்னிடமிருந்து பிள்ளையை வாங்கி அம்மாவின் மடியில் வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்றார். அவர் பேச்சில் யாழ்ப்பாணம் இருக்கவில்லை.

"இவங்க பிள்ளையோட அம்மம்மா. தோட்டத்துல கொழுந்தெடுத்தவங்க. நானும் தோட்டத்துலதான் பொறந்தேன் மச்சாள். மட்டக்களப்பு இல்ல."

என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். தேத்தண்ணித் தட்டு அவர் கையில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமாவின் அக்கா மட்டும் கையில் இருந்த பயற்றம் பணியாரத்தைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே," என்றார். அன்பாகத்தான் சொன்னார். "நீ வந்த வருசமே தெரியும். சொன்னால் உன்ர மனம் நோகும் எண்டு பேசாமல் இருந்தனாங்கள்."

மாமி சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு கணம் அப்படித்தான் முகம் போனது. பிறகு வேறு மாதிரிப் போனது.

"தெரிஞ்சிருந்தா, எங்கம்மாவ ஒரு நாளாவது கூட்டிட்டு வான்னு ஏன் ஒருத்தரும் சொல்லல மச்சாள்?"

மாமாவின் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா பிள்ளையை ஒரு பக்கம் அணைத்துக்கொண்டு செற்றியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். மாமி அதில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் தன் தாய்க்காக அழுதார்.